லாகின் கேட்கிறது சரி, ஃபைல் யாருடையது என்று கேட்கிறதா?

தூத்துக்குடியில் இன்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பேப்பர் கட்டுகள் குறைந்து, கம்ப்யூட்டரில் ஃபைல்கள் கூடியிருப்பதைப் பார்க்கலாம். கஸ்டம்ஸ் புரோக்கர்கள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, சுங்கத் துறையின் ‘இ-சஞ்சித்’ தளத்தில் ஏற்றுகிறார்கள். 2018-இல் நாடு முழுவதும் வந்த முறை இது. ஏற்றிய ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள் பாஸ்போர்ட், சிடிசி புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கேன் காப்பியை ஆன்லைன் ஃபோல்டரில் போடச் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில்கூட, ‘டிரைவ்ல போட்டு லிங்க் அனுப்பிருங்க அண்ணாச்சி’ என்கிறார்கள்.

இவை எல்லாமே பிரௌசர் வழியாக ஃபைலை ஏற்றி இறக்கும் வெப் சாஃப்ட்வேர்கள். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் ஆகியவை பெரியவை. அலுவலகத்தின் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளும் நெக்ஸ்ட்கிளவுட், ஓன்கிளவுட் போன்றவை இன்னொரு வகை. உள்ளூரில் யாரோ ஒரு புரோகிராமர் பிஹெச்பி-யில் எழுதிக் கொடுத்த ‘டாகுமென்ட் அப்லோட்’ பக்கங்கள் மூன்றாவது வகை. எண்ணிக்கையில் இந்த மூன்றாவது வகைதான் அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

‘யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கிறதே, பிறகென்ன பயம்?’ என்று நீங்கள் கேட்கலாம். பாஸ்வேர்டு பலமாக இருந்தும், யாரும் அதைத் திருடாமலேயே, ஒருவருடைய ஃபைல் இன்னொருவருக்குக் கிடைத்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கேட்டில் ஒரு சோதனை, பெட்டியிடம் ஒரு சோதனை

நம் ஊர் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குள் நுழைய பாஸ் வேண்டும். கேட்டில் நிற்கும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் அதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போய்விட்டோம் என்பதற்காக அங்கே அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களில் பிடித்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வர முடியுமா? முடியாது. இறக்குமதியான பெட்டியை எடுக்க, கப்பல் நிறுவனம் கொடுத்த டெலிவரி ஆர்டர் வேண்டும். சுங்கத் துறையின் அனுமதி வேண்டும். அந்தப் பேப்பரில் உள்ள கன்டெய்னர் நம்பரும் நீங்கள் கேட்கும் பெட்டியின் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேட் பாஸ் ‘நீ யார்?’ என்ற கேள்விக்குப் பதில். டெலிவரி ஆர்டர் ‘இது உன்னுடையதா?’ என்ற கேள்விக்குப் பதில். கம்ப்யூட்டர் துறையில் முதலாவதை ஆதென்டிகேஷன் என்றும், இரண்டாவதை ஆதரைசேஷன் என்றும் சொல்வார்கள். இரண்டாவது சோதனையை ஒழுங்காகச் செய்வதற்குப் பெயர்தான் ஆக்சஸ் கன்ட்ரோல்.

லாகின் பக்கம் முதல் கேள்வியை மட்டுமே கேட்கிறது. இரண்டாவது கேள்வியை, நீங்கள் ஒவ்வொரு ஃபைலைத் தொடும்போதும் சர்வர் கேட்டாக வேண்டும். திறக்கும்போது ஒரு முறை, டவுன்லோட் செய்யும்போது ஒரு முறை, பெயர் மாற்றும்போது, அழிக்கும்போது, ஷேர் செய்யும்போது என்று சலிக்காமல் கேட்க வேண்டும். ஐம்பது இடங்களில் கேட்க வேண்டியதை நாற்பத்தொன்பது இடங்களில் கேட்டுவிட்டு ஓர் இடத்தில் விட்டுவிட்டால் அதுதான் ஓட்டை. லாகின் ஒரே பக்கம். எழுதி முடித்து எல்லோரும் சோதித்துப் பார்த்துவிடுவார்கள். இது அப்படி இல்லை.

வெப் பாதுகாப்புக்காக உழைக்கும் ஓவாஸ்ப் என்ற அமைப்பு, அதிகம் காணப்படும் பத்து ஆபத்துகளை அவ்வப்போது பட்டியலிடும். 2017 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஆக்சஸ் கன்ட்ரோல் குறைபாடு, 2021 பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

நம்பரை மாற்றினால் திறக்கும் பூட்டு

இந்த வகை ஓட்டைகளில் மிகவும் எளிமையானதை முதலில் பார்ப்போம். ஒரு கிளியரிங் அலுவலகத்தின் வெப்சைட்டில் நீங்கள் லாகின் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பில்லை கிளிக் செய்தால், அட்ரஸ் பாரின் கடைசியில் 1043 என்று ஒரு எண் தெரிகிறது. அதை அழித்துவிட்டு 1044 என்று டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். அடுத்த கடைக்காரரின் பில் திறக்கிறது! அவர் எந்த நாட்டிலிருந்து, யாரிடம், என்ன விலைக்குச் சரக்கு எடுக்கிறார் என்ற விவரம் முழுக்க அதில் இருக்கிறது.

சர்வரில் என்ன நடந்தது? ‘1044-ஆம் ஃபைலை எடு’ என்று மட்டும் டேட்டாபேஸிடம் சொல்லும்படி புரோகிராமர் எழுதியிருக்கிறார். ‘1044-ஆம் ஃபைலை எடு, அதன் உரிமையாளர் இப்போது லாகின் செய்திருப்பவராக இருந்தால் மட்டும் கொடு’ என்று எழுதியிருக்க வேண்டும். வித்தியாசம் ஒரே ஒரு வரிதான்.

கன்டெய்னர் நம்பரைப் பாருங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கும். துறைமுகச் சாலையில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் யாரும் படிக்கலாம். நம்பரைப் படித்தவனுக்கெல்லாம் பெட்டியைக் கொடுப்பதில்லை. ஆனால் பல வெப் சாஃப்ட்வேர்கள் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இது சின்ன கம்பெனிகளில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வீடு, நில விற்பனைக்கு உரிமைக் காப்பீடு செய்யும் ‘ஃபர்ஸ்ட் அமெரிக்கன்’ என்ற பெரிய நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு ஆவணங்களின் லிங்கை அனுப்பி வந்தது. லிங்கில் இருந்த எண்ணை மாற்றினால் மற்றவர்களின் ஆவணம் திறந்தது. லாகின்கூடக் கேட்கவில்லை. 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் இதை வெளிப்படுத்தியபோது, அப்படித் திறந்து கிடந்த ஆவணங்கள் சுமார் 88.5 கோடி. வங்கிக் கணக்கு எண், வரி விவரம், டிரைவிங் லைசென்ஸ் படம் எல்லாம் அதில் அடக்கம்.

நம் நாட்டிலும் 2025-இல் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில், ஒருவர் தன் பான் எண்ணில் லாகின் செய்த பிறகு, பிரௌசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையில் தன் பான் எண்ணுக்குப் பதிலாக வேறொருவரின் பான் எண்ணை வைத்தால், அவருடைய பெயர், முகவரி, வங்கிக் கணக்கு விவரம் வந்துவிட்டது. செப்டம்பரில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அக்டோபர் தொடக்கத்தில் சரிசெய்யப்பட்டது. இதில் அட்ரஸ் பாரில் எந்த எண்ணும் தெரியாது என்பதைக் கவனியுங்கள். பிரௌசரில் எஃப்12 கீயை அழுத்தி ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைப் பார்த்தால், ஒரு பக்கம் திறக்கும்போது பின்னால் எத்தனை கோரிக்கைகள் போகின்றன என்று தெரியும். அவற்றைப் பாதி வழியில் நிறுத்தி, மாற்றி அனுப்பும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் ‘அட்ரஸ் பாரில் தெரியாது, ஆகவே பாதுகாப்பு’ என்ற கணக்கு சரிவராது.

புரோகிராமர்கள் ஏன் இதை விட்டுவிடுகிறார்கள்? சாஃப்ட்வேரை அவர்கள் ஸ்கிரீன் வழியாகவே பார்க்கிறார்கள். ஸ்கிரீனில் அவரவர் ஃபைல் பட்டியல் மட்டும்தானே வருகிறது, மற்றவர் ஃபைலை எப்படி கிளிக் செய்வார் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு தனியார் நிறுவனத்தின் டாகுமென்ட் சாஃப்ட்வேரை நாங்கள் சோதித்தபோது இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. சாதாரண ஊழியர் லாகின் செய்தால் ‘டெலீட்’ பட்டன் தெரியாது. மேனேஜருக்கு மட்டும் தெரியும். அவர்களுக்கு ஒரே பெருமை. ஆனால் டெலீட் பட்டன் அனுப்பும் அதே கோரிக்கையை ஊழியரின் கணக்கிலிருந்து கையால் எழுதி அனுப்பினோம். ஃபைல் அழிந்தது. பட்டனை ஒளித்து வைத்தவர்கள், சர்வரிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை!

டிஜிலாக்கரில் நடந்தது

இந்தியர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆவணப் பெட்டகம் என்றால் அது டிஜிலாக்கர்தான். 2015-இல் மத்திய அரசு தொடங்கியது. ஆதார், டிரைவிங் லைசென்ஸ், ஆர்சி புத்தகம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். 2020 மே மாதத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.8 கோடி பேர். அந்த மாதம் ஆசிஷ் கஹலோட், மோஹேஷ் மோகன் என்ற இரண்டு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள், தனித்தனியாக, அதன் லாகின் முறையில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

டிஜிலாக்கரில் ஓடிபி உண்டு, அதற்கு மேல் ஆறு இலக்க பின் நம்பரும் உண்டு. இரண்டு பூட்டு போட்ட பெட்டகம் எப்படித் திறந்தது? இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஓடிபி லாகின் என்பது நமக்கு ஒரே காரியமாகத் தெரிந்தாலும், சர்வருக்கு அது மூன்று படி. முதல் படியில் நீங்கள் யார் என்று சொல்கிறீர்கள். சர்வர் உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்புகிறது. இரண்டாவது படியில் ஓடிபியைத் திருப்பித் தருகிறீர்கள். சரியாக இருந்தால் மூன்றாவது படியில் கணக்கு திறக்கிறது. வெப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியானது. முந்தைய கோரிக்கையை அனுப்பியவரும் இதை அனுப்புகிறவரும் ஒருவர்தானா என்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது. ஆகவே இரண்டாவது படியில் ஓடிபியைச் சரியாகக் கொடுத்தது யார் என்பதை சர்வர் தன்னிடமே குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாவது படியில் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கணக்கைத் திறக்க வேண்டும். இந்தக் குறிப்பைத்தான் செஷன் என்கிறோம்.

அங்கேதான் பிடி நழுவியிருந்தது. ஒருவர் தன்னுடைய விவரத்தைக் கொடுத்து, தன் மொபைலுக்கு வந்த ஓடிபியைச் சரியாகக் கொடுத்துவிட்டு, நடுவில் கோரிக்கையை மாற்றி வேறொருவர் கணக்கில் நுழைய வழி இருந்தது. ஓடிபி சரியா என்று சர்வர் பார்த்தது. இந்த ஓடிபி இந்தக் கணக்குக்கு உரியதா என்று பார்க்கவில்லை. அடுத்து, பின் நம்பர். புதிய பின் நம்பரை அமைக்கும் கோரிக்கையில் செஷன் தகவல் எதுவுமே இல்லை. எந்தப் பயனாளரின் எண்ணை அதில் வைத்தாலும் அவருக்குப் புதிய பின் அமைத்துவிடலாம் என்று மோகன் எழுதியிருந்தார். ஆக, இரண்டு பூட்டிலும் ஒரே குறை. பூட்டு நல்ல பூட்டுதான். எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

இருவரும் முறைப்படி தகவல் சொல்லி, மே 28-க்குள் ஓட்டை அடைக்கப்பட்டது. டிஜிலாக்கர் தரப்பு தந்த விளக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அண்மையில் புதிய வசதிகளைச் சேர்த்தபோது இந்தக் குறை கோடில் நுழைந்துவிட்டது என்பது. இதை நான் நம்புகிறேன். எங்கள் தொழிலில் ஓட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. பழைய வழியில் சோதனை இருக்கும், புதிதாகத் திறந்த வழியில் அதைச் சேர்க்க மறந்திருப்பார்கள். இன்னொன்று, யூசர் நேம் தெரிந்தால்தான் ஒருவர் கணக்கில் நுழைய முடியும், எல்லோர் கணக்கிலும் நுழைய முடியாது என்பது. இந்தச் சமாதானம் எனக்கு அவ்வளவு திருப்தியாக இல்லை. யூசர் நேம் என்பது ரகசியமாக வைக்கும் பொருள் இல்லை. விசிட்டிங் கார்டிலும் கடை போர்டிலும் நாம் எழுதி வைக்கும் விவரத்தையே யூசர் நேமாக வைத்துக்கொள்வது நம் பழக்கம்.

நீளமான லிங்க் ரகசியமா?

எண்ணை மாற்றிப் பார்ப்பதைத் தடுக்க ஒரு வழி உண்டு. 1043 என்பதற்குப் பதிலாக முப்பது, நாற்பது எழுத்துகளைக் கண்டபடி கலந்து ஒரு லிங்க் கொடுப்பது. கூகுள் டிரைவ் லிங்க் அப்படித்தான் இருக்கும். அதை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஆனால் ஊகிக்க முடியாது என்பது வேறு, கசியாது என்பது வேறு.

‘லிங்க் உள்ள எவரும்’ என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால், அந்த லிங்க்தான் சாவி. வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருவர் ஃபார்வர்டு செய்தால் சாவி கைமாறியது. பிரௌசிங் சென்டர் கம்ப்யூட்டரின் ஹிஸ்டரியில் அது கிடக்கும். 2014-இல் டிராப்பாக்ஸில் இதை விட நுட்பமான ஒரு கசிவு வெளிவந்தது. ஷேர் செய்த ஆவணத்துக்குள் வேறொரு வெப்சைட்டின் லிங்க் இருந்து, படிப்பவர் அதை கிளிக் செய்தால், ‘நான் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்’ என்று பிரௌசர் அந்த வெப்சைட்டுக்குச் சொல்லும். அப்படிச் சொல்லும் முகவரிதான் ஆவணத்தின் ரகசிய லிங்க்! அதுபோல, கிடைத்த லிங்கை அட்ரஸ் பாரில் போடாமல் சர்ச் பாக்ஸில் போட்டவர்கள் மூலமாகவும் கசிந்தது. அது விளம்பரதாரர்கள் பார்க்கும் அறிக்கை வரை போய்ச் சேர்ந்தது. டிராப்பாக்ஸ் பழைய லிங்க்குகள் பலவற்றை முடக்க வேண்டி வந்தது. 2021 செப்டம்பரில் கூகுளும் பழைய டிரைவ் லிங்க்குகள் சிலவற்றோடு கூடுதலாக ஒரு சாவியைச் சேர்த்தது. அப்போது, பல நாள் திறந்துகொண்டிருந்த ஃபைல் திடீரென்று ‘அனுமதி கேளுங்கள்’ என்று சொன்னதைச் சிலர் கவனித்திருக்கலாம்.

பெரிய கம்பெனி என்றால் தவறே நடக்காது என்றும் இல்லை. 2011 ஜூன் 19 அன்று டிராப்பாக்ஸ் செய்த ஒரு மாற்றத்தால் சுமார் நான்கு மணி நேரம் எந்த பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் எந்தக் கணக்கும் திறந்தது. 2009 மார்ச்சில் கூகுள் டாக்ஸில் ஒரு சிறு பகுதி ஆவணங்கள், உரிமையாளர் கேட்காமலேயே பகிரப்பட்டுவிட்டன.

ஃபோல்டர் விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு ஃபோல்டரை ‘லிங்க் உள்ள எவரும்’ என்று ஷேர் செய்தால், அன்று அதில் இருந்த நான்கு ஃபைல்களோடு நிற்காது. ஆறு மாதம் கழித்து அதே ஃபோல்டரில் நீங்கள் போடும் ஐந்தாவது ஃபைலுக்கும் அதே அனுமதி தானாக ஒட்டிக்கொள்ளும். ‘ஆதார் காப்பி’ என்று ஒரே ஃபோல்டரை உருவாக்கி, வரும் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அதே லிங்கைக் கொடுத்து ‘இதுல போடுங்க’ என்று சொல்லும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எடிட் அனுமதியும் சேர்ந்திருந்தால், முதலில் வந்தவர் கடைசியாக வந்தவரின் ஆதாரைப் பார்க்கலாம், அழிக்கலாம். இதில் சாஃப்ட்வேரில் எந்த ஓட்டையும் இல்லை. சொன்னதை அது செய்கிறது, அவ்வளவுதான்.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

‘கூகுளிடம் எதற்குக் கொடுக்க வேண்டும், நம் அலுவலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை சர்வர் ஆக்கிக்கொள்வோம்’ என்பது நியாயமான ஆசைதான். ஓன்கிளவுட், நெக்ஸ்ட்கிளவுட் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கவனிக்க ஆள் வேண்டும்.

2023 நவம்பரில் ஓன்கிளவுட் ஒரு குறைபாட்டை அறிவித்தது. 10.6 முதல் 10.13.0 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. ஃபைலுக்குத் தற்காலிக லிங்க் ஒன்றை உருவாக்கி, அதன் மேல் ஒரு டிஜிட்டல் முத்திரை வைப்பது இந்த வசதி. முத்திரையைச் சரிபார்க்க ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு ரகசிய சாவி இருக்க வேண்டும். பலருக்கு அந்தச் சாவி உருவாக்கப்படவே இல்லை. அதுதான் வழக்கமான நிலை. சாவி இல்லாதவர் விஷயத்தில் சர்வர் முத்திரையை ஏற்றுக்கொண்டது. கன்டெய்னரின் சீல் நம்பரைப் பேப்பரோடு ஒப்பிடும்போது, பேப்பரில் சீல் நம்பர் இடம் காலியாக இருக்கிறது, ஆகவே ‘பொருந்துகிறது’ என்று பெட்டியை விடுவது போல. பயனாளரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், பாஸ்வேர்டு இல்லாமலே அவருடைய ஃபைலைப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். தீவிரத்துக்கு 10-க்கு 9.8 மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். சாவி இல்லாவிட்டால் லிங்கையே ஏற்காதே என்பதுதான் தீர்வு. 10.13.1 பதிப்பில் அது சரியானது. அப்டேட் செய்யாதவர்கள் சர்வரில் அது இன்னும் அப்படியே இருக்கும்.

இன்னொரு பழைய தந்திரம், ஃபோல்டரை விட்டு வெளியே நடப்பது. கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்வுக்கோடும் போட்டால் ‘ஒரு ஃபோல்டர் மேலே போ’ என்று அர்த்தம். ஃபைல் பெயர் கேட்கும் இடத்தில் ../../ என்று அடுக்கிக் கொடுத்தால், கவனமில்லாத சாஃப்ட்வேர் ஷேர் செய்த ஃபோல்டரைத் தாண்டி ஹார்ட் டிஸ்க்கின் மற்ற இடங்களுக்குப் போய்விடும். மைக்ரோசாஃப்ட் ஐஐஎஸ் வெப் சர்வர் இந்தப் புள்ளிகளைத் தடுத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் சாய்வுக்கோட்டை யூனிகோடில் வேறு விதமாக எழுதினால் அதற்கு அடையாளம் தெரியவில்லை. 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. 2001 செப்டம்பரில் பரவிய நிம்டா வைரஸ் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இதே தந்திரம் புதிய சாஃப்ட்வேர்களில் தலைகாட்டுவதுதான் வேடிக்கை.

வீட்டில் ஒரு ஃபோல்டரை நண்பர்களுக்குத் திறந்துவிட ‘ஹெச்எஃப்எஸ்’ என்ற சின்ன எக்ஸிகியூட்டபிள் ஃபைலை ஒரு காலத்தில் நிறைய பேர் பயன்படுத்தினார்கள். இன்றும் அதன் 2.3 பதிப்பு எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். 2024-இல் அதில் வெளிவந்த ஓட்டை, ஃபைலோடு நிற்காமல் கம்ப்யூட்டரையே அந்நியர் கையில் கொடுக்கக்கூடியது. அந்தப் பழைய வரிசைக்கு இப்போது ஆதரவும் இல்லை.

நீங்களே சோதிக்கலாம்

வீட்டிலோ அலுவலகத்திலோ செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் போதும். நீங்கள் பயன்படுத்தும் ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேரில் இரண்டு கணக்குகள் தொடங்குங்கள். இரண்டுமே உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு பிரௌசரில், அதாவது குரோமில், முதல் கணக்கில் லாகின் செய்து ஒரு சும்மா ஃபைலை ஏற்றி, யாருக்கும் ஷேர் செய்யாமல் திறந்து, அட்ரஸ் பாரில் உள்ள முகவரியைக் காப்பி செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இரண்டாவது கணக்கில் லாகின் செய்து அதே முகவரியை பேஸ்ட் செய்யுங்கள். ‘அனுமதி இல்லை’ என்று வர வேண்டும். ஃபைல் திறந்தால், அந்த சாஃப்ட்வேர் கேட் பாஸை மட்டும்தான் பார்க்கிறது.

அடுத்து, லாகின் எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவில் அதே முகவரியைப் போட்டுப் பாருங்கள். டவுன்லோட் பட்டனின் மேல் ரைட் கிளிக் செய்து எடுத்த லிங்கையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். இது முக்கியம். ஃபைலைக் காட்டும் பக்கத்தில் சோதனை வைத்துவிட்டு, ஃபைல் உண்மையில் கிடக்கும் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரை வெப் சர்வரில் அப்படியே திறந்து வைத்திருக்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. உள்ளூர் பிஹெச்பி பக்கங்களில் இந்தக் குறை சர்வ சாதாரணம். கடைசியாக, முதல் கணக்கில் ஃபைலை அழித்துவிட்டு, பழைய லிங்க் இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் டிரைவில் பழைய ஃபைல்களைச் சரிபார்க்க, ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஷேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஜெனரல் ஆக்சஸ்’ என்ற இடத்தில் ‘எனிஒன் வித் த லிங்க்’ என்று இருந்தால் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றலாம். ஆதார், பாஸ்போர்ட் உள்ள ஃபோல்டர்களை முதலில் பாருங்கள். ஏற்கெனவே டவுன்லோட் செய்தவர் கையில் உள்ள காப்பியை இது ஒன்றும் செய்யாது. ஒருவருக்கு மட்டும் அனுப்ப வேண்டிய ஃபைலை அவருடைய ஈமெயில் முகவரி கொடுத்து ஷேர் செய்தால், அந்தக் கணக்கில் லாகின் செய்தவர்தான் திறக்க முடியும். லிங்க் எத்தனை கை மாறினாலும் கவலை இல்லை.

அலுவலகத்துக்கு சாஃப்ட்வேர் எழுதி வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் மேலே சொன்ன சோதனையை புரோகிராமர் எதிரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். புரோகிராமர் தம்பிகளுக்கு ஒரு யோசனை: உரிமையாளர் சோதனையை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுத வேண்டாம். ஃபைலை எடுத்துக் கொடுக்கும் ஃபங்ஷன் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், சோதனை அதற்குள் இருக்கட்டும். புதிய பக்கம் சேர்ப்பவர் மறந்தாலும் அது மறக்காது. அனுமதி பற்றிய தகவல் எதுவும் இல்லாத இடத்தில் ‘கொடுக்காதே’ என்பதே பதிலாக இருக்கட்டும்.

இந்தச் சோதனைகளை உங்கள் சொந்தக் கணக்குகளுக்குள் மட்டும் செய்யுங்கள். வங்கி, அரசுத் தளங்களில் எண்ணை மாற்றி விளையாட வேண்டாம். அனுமதியின்றி மற்றவர் தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். தற்செயலாக இன்னொருவரின் ஃபைல் உங்கள் கண்ணில் பட்டால், அதை டவுன்லோட் செய்யாமல், எந்தத் தளம், எந்தப் பக்கம், என்ன செய்தபோது வந்தது என்ற விவரத்தோடு அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லை என்றால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம். டிஜிலாக்கர் குழுவுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததும் இதன் வழியாகத்தான். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-4949.